நாற்றங்காலிலிருந்து நடவு வரை: இளம் வீரர்களை வைத்து ஒரு பேஸ்பால் அணியின் வருங்கால லைன்அப்பைத் திட்டமிடும் முறை

2022 ஆகஸ்ட் 31, கிளீவ்லாண்ட். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்காக முதன்முதலாக மேஜர் லீகில் (வட அமெரிக்கப் பேஸ்பாலின் உச்ச நிலை) இறங்கிய 21 வயதுப் பையன் கன்னர் ஹெண்டர்சன் நான்காவது இன்னிங்ஸில் மட்டையை முழு வேகத்தில் சுழற்றினான். சுழற்றிய வேகத்தில் ஹெல்மெட் தலையிலிருந்து கழன்று தரையில் விழுந்தது. பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. மேஜர் லீகில் அவனுடைய முதல் ஹிட்டே ஹோம் ரன். வெறுந்தலையோடு அவன் பேஸ்களைச் சுற்றி ஓடும் அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

அந்தத் தேதியை மட்டும் தனியாகக் கவனியுங்கள். ஆகஸ்ட் 31. ஜூலை 15 அல்ல, அடுத்த ஏப்ரலும் அல்ல. அவ்வளவு தாமதமாக வந்ததால், அந்த சீசன் முடிந்த பிறகும் விதிப்படி அவன் 'அறிமுக வீரன்' என்ற தகுதியோடே இருந்தான். 2023-ல் முழு சீசன் ஆடி, அமெரிக்கன் லீகின் சிறந்த அறிமுக வீரர் விருதை ஒருமனதாக வாங்கினான். அதற்குப் பரிசாக அணிக்கு 2024 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) கூடுதலாக ஒரு வாய்ப்பு கிடைத்தது. ஒரு பையன் மட்டையைச் சுழற்றுவதற்கு முன்பே யாரோ காலண்டரைப் பார்த்திருக்கிறார்கள்.

வருங்கால லைன்அப், அதாவது களமிறங்கும் ஒன்பது பேர் வரிசை, என்றவுடன் பெரும்பாலான ரசிகர்கள் ஒன்பது பெயர்களை எழுதுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். அப்புறம்தான் புரிந்தது, பெயர்களுக்கு முன்னால் வருடங்களை எழுத வேண்டும் என்று. அதை எப்படிச் செய்வது என்பதை ஓரியோல்ஸ் அணியை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். 2018-ல் 47 வெற்றி, 115 தோல்வி என்று பாதாளத்தில் கிடந்த அணி அது. 2023-ல் 101 வெற்றியோடு தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 2025-ல் 75 வெற்றியோடு அதே பிரிவில் கடைசி இடத்துக்கு வந்தது. ஏறியது, சறுக்கியது இரண்டையும் ஒரே அணியில் பார்க்கலாம் என்பதால் படிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முதல் படி: கட்டம் போடுங்கள்

ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துக் குறுக்காகத் திருப்பி வையுங்கள். மேலே வரிசையாக ஆறு வருடங்கள்: 2026 முதல் 2031 வரை. இடப்பக்கம் மேலிருந்து கீழாக இடங்கள்: கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்), ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்), சென்டர் ஃபீல்டு, இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், வலது ஃபீல்டு, இடது ஃபீல்டு, முதல் பேஸ், அப்புறம் அடிப்பதற்கு மட்டும் இறங்கும் டி.எச். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, ஐந்து ஸ்டார்ட்டிங் பிட்சர்கள் (ஆட்டத்தைத் தொடங்கிவைத்துப் பந்து வீசுபவர்கள்). பென்சிலால் எழுதுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், பேனா வேண்டாம்.

இப்போது இளம் வீரர்கள் யாரையும் எழுதாதீர்கள். அணியில் ஏற்கெனவே இருப்பவர்கள் எந்த வருடத்தோடு கிளம்புகிறார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். கேட்சர் ஆட்லி ரட்ச்மன் 2027 வரை, ஹெண்டர்சன் 2028 வரை, ஜோர்டன் வெஸ்ட்பர்க் 2029 வரை. எழுதி முடித்ததும் பக்கத்தின் வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமைதான் உங்களுக்கான வேலை. இன்றைக்கு இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து இளம் வீரர்களைத் தேடினால் எப்போதும் இரண்டு வருடம் பின்தங்கியே இருப்பீர்கள்.

இரண்டாம் படி: கடிகாரத்தைப் படியுங்கள்

யார் எப்போது கிளம்புவார் என்பதைத் தீர்மானிப்பது சர்வீஸ் டைம். மேஜர் லீக் அணியில் 172 நாள் இருந்தால் அது ஒரு வருடம். ஒரு சீசனில் அதைவிட இரண்டு வாரம் போல அதிக நாட்கள் உண்டு, ஆனாலும் 172-க்கு மேல் கணக்கு ஏறாது. முதல் மூன்று வருடம் வீரருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். 2025-ல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று வருடம் சம்பளத்தில் உடன்பாடு வராவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம், தொகை வருடாவருடம் ஏறும். ஆறு வருடம் முடிந்தால் விடுதலை, எந்த அணிக்கும் போகலாம்.

இந்த 172-ல்தான் எல்லா சூட்சுமமும். 2015-ல் சிகாகோ கப்ஸ் அணி கிறிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் 17 அன்றுதான் மேலே கூப்பிட்டது. சீசன் முடிவில் அவருக்கு 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததால் அணிக்கு அவரை இன்னொரு வருடம் வைத்துக்கொள்ள முடிந்தது. அவர் முறையிட்டார், 2020-ல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. எனக்கு இது இன்னமும் மனதுக்கு ஒப்பாத விஷயம். தயாராக இருக்கும் ஒருவனைக் காகிதக் கணக்குக்காகக் கீழே உட்கார வைப்பது ஆட்டத்துக்கு அழகல்ல.

2022-ல் லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே வந்த புதிய ஒப்பந்தம் இதைக் கொஞ்சம் சரிசெய்தது. சிறந்த அறிமுக வீரர் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வரும் தகுதியுள்ள வீரருக்கு, எவ்வளவு தாமதமாக வந்திருந்தாலும் முழு வருடம் கிடைக்கும். ரட்ச்மன் 2022 மே 21-ல்தான் வந்தார். வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்ததால் அந்த வருடம் முழுதாகக் கணக்கில் ஏறியது. கட்டத்தில் 2028 என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் 2027 என்று எழுதுவது அதனால்தான்.

இன்னும் இரண்டு கணக்குகளை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அணியின் 40 பேர் முதன்மைப் பட்டியலில் சேர்த்த வீரரை மூன்று சீசன்களுக்குக் கீழ்நிலையான மைனர் லீகுக்குத் திருப்பி அனுப்பலாம், அதற்குமேல் அனுப்ப வேண்டுமானால் மற்ற அணிகளுக்கு அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்பு தரவேண்டும். அதேபோல், 18 வயதுக்குள் ஒப்பந்தமான வீரரை ஐந்து சீசன்களுக்குள்ளும், அதைவிட வயது கூடியவரை நான்கு சீசன்களுக்குள்ளும் அந்த 40 பேரில் சேர்க்காவிட்டால், டிசம்பரில் நடக்கும் 'ரூல் 5' தேர்வில் வேறு அணி தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

மூன்றாம் படி: நாற்றங்காலைப் பாருங்கள்

மைனர் லீகை ஆங்கிலத்தில் பண்ணை என்பார்கள். நமக்கு நாற்றங்கால் என்றால் இன்னும் சரியாகப் புரியும். நாற்றுக்கு வயது முக்கியம். முற்றவிட்டு நட்டால் தூர் கட்டாது, முன்கூட்டிப் பிடுங்கினால் வேர் பிடிக்காது.

கீழ் ஏ, உயர் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று நான்கு படிகள். இதில் உண்மையான வடிகட்டி டபுள் ஏதான் என்பது என் கருத்து. கீழ்ப்படிகளில் வேகப்பந்தை மட்டும் அடித்தே பிழைத்துவிடலாம். டபுள் ஏயில் பிட்சர்களுக்கு வளைந்து போகும் பந்தை வேண்டிய இடத்தில் போடத் தெரியும். அங்கே தாக்குப்பிடிப்பவனை நம்பலாம்.

எண்களைப் படிக்கும்போது பேட்டிங் சராசரியைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் வயது: அந்தப் படியில் ஆடுபவர்களின் சராசரி வயதைவிட இவன் எத்தனை வயது இளையவன்? அப்புறம் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) எத்தனை, வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) எத்தனை. 24 வயதுக்காரன் கீழ் ஏயில் 25 ஹோம் ரன் அடிப்பதைவிட, 19 வயதுப் பையன் டபுள் ஏயில் திணறாமல் நிற்பது பெரிய சேதி. திறமை தேடும் ஸ்கவுட்டுகள் தரும் 20 முதல் 80 வரையிலான மதிப்பெண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். 50 என்றால் மேஜர் லீகில் தினமும் ஆடும் சராசரி வீரர். 60 என்றால் ஆல் ஸ்டார் தரம். ஒரு அணியில் 60 வாங்கும் இளைஞர்கள் ஒரே நேரத்தில் இரண்டு பேர் இருந்தாலே அது கொழுத்த நாற்றங்கால்.

நான்காம் படி: நடுவிலிருந்து கட்டுங்கள்

கேட்சர், ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ், சென்டர் ஃபீல்டு. மைதானத்தின் முதுகெலும்பு இதுதான். கட்டத்தை இங்கிருந்துதான் நிரப்ப வேண்டும். காரணம் எளிது: நல்ல ஷார்ட்ஸ்டாப்பை இரண்டாம் பேஸுக்கோ மூன்றாம் பேஸுக்கோ நகர்த்தலாம், முதல் பேஸ்காரரை ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்த முடியாது. வயது ஏற ஏற எல்லோரும் கடினமான இடத்திலிருந்து எளிய இடத்தை நோக்கித்தான் நகர்கிறார்கள்.

2018 நவம்பரில் ஓரியோல்ஸ் பொது மேலாளர் பொறுப்புக்கு வந்த மைக் இலையஸ் இதைப் பிடிவாதமாகவே செய்தார். 2019 டிராஃப்டின் முதல் வாய்ப்பில் கேட்சர் ரட்ச்மன். அதே வருடம் 42-வது வாய்ப்பில் உயர்நிலைப் பள்ளி ஷார்ட்ஸ்டாப் ஹெண்டர்சன். நான்காம் சுற்றில் ஜோயி ஓர்ட்டிஸ், அவரும் ஷார்ட்ஸ்டாப். 2020-ல் 30-வது வாய்ப்பில் வெஸ்ட்பர்க், ஷார்ட்ஸ்டாப். 2022-ல் மறுபடி முதல் வாய்ப்பு, ஜாக்சன் ஹாலிடே, ஷார்ட்ஸ்டாப்.

ஒரே இடத்துக்கு நான்கு பேர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். நான்கு பேரும் எங்கே போய் நின்றார்கள் என்று பாருங்கள். ஹெண்டர்சன் ஷார்ட்ஸ்டாப்பிலேயே தங்கினார், 2024-ல் 37 ஹோம் ரன் அடித்தார். ஹாலிடே இரண்டாம் பேஸுக்குப் போனார். வெஸ்ட்பர்க் மூன்றாம் பேஸுக்கு. ஓர்ட்டிஸுக்கு இடமில்லை. அவரையும் டி.எல். ஹால் என்ற பிட்சரையும் ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும் கொடுத்து, 2024 பிப்ரவரியில் மில்வாக்கி அணியிடமிருந்து கார்பின் பர்ன்ஸ் என்ற முதல் தரப் பிட்சரை வாங்கினார்கள். மூன்று இடம் நிரம்பியது, நான்காவது நாற்று விலைக்குப் போனது.

ஆகவே நோட்டில் ஒரே கட்டத்துக்குள் இரண்டு பெயர் மோதினால் பதறாதீர்கள். இருவரில் யார் நகரக்கூடியவர் என்று அம்புக்குறி போடுங்கள். யாரும் நகர முடியாத மோதல் மட்டும்தான் பிரச்சினை.

ஐந்தாம் படி: ரப்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பேஸ்பாலில் அந்தப் பழமொழியை நம்பிக் கட்டம் போட்டால் ஏமாந்துபோவோம்.

2018 ஜூலையில் ஓரியோல்ஸ் தன் பெரிய நட்சத்திரம் மேனி மச்சாடோவை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து ஐந்து பேரை வாங்கியது. அதில் எல்லோரும் பேசிய பெயர் யுஸ்னியல் டியாஸ். அவர் ஓரியோல்ஸுக்காக ஆடியது ஒரே ஒரு மேஜர் லீக் ஆட்டம். பேச்சில் அதிகம் அடிபடாத டீன் கிரேமர்தான் வருடக்கணக்காக ஸ்டார்ட்டிங் பிட்சராக நின்றார்.

ஹெஸ்டன் கியர்ஸ்டாட் கதை இன்னும் வலிக்கும். 2020 டிராஃப்டின் இரண்டாம் வாய்ப்பு. ஒப்பந்தமான பிறகு இதயத் தசையில் அழற்சி கண்டுபிடிக்கப்பட்டு 2021 முழுதும் ஆட முடியவில்லை. மீண்டு வந்து 2023-ல் மேஜர் லீகை எட்டினார். 2024 ஜூலையில் பந்து தலையில் பட்டு மூளை அதிர்வு. எந்த ஸ்கவுட்டின் மதிப்பெண்ணிலும் இது வராது.

ஹாலிடேயின் ஏப்ரலும் நினைவில் இருக்கட்டும். 2023-ல் 19 வயதில் கீழ் ஏ அணியான டெல்மார்வா முதல் டிரிபிள் ஏ அணியான நார்ஃபோக் வரை நான்கு படிகளையும் ஒரே வருடத்தில் ஏறிய பையன். நாட்டிலேயே முதலிடத்து இளம் வீரன் என்ற பட்டத்தோடு 2024 ஏப்ரல் 10 அன்று வந்தான். 34 முறை அடித்துப் பார்த்ததில் இரண்டே ஹிட், 18 ஸ்ட்ரைக்அவுட். மாதம் முடியும் முன் நார்ஃபோக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஜூலை 31 அன்று திரும்ப வந்து, பேஸ்கள் நிரம்பியிருக்கும்போது கிராண்ட் ஸ்லாம் அடித்தான். ஏப்ரலில் அவன் பெயரை அழித்தவர்கள் ஆகஸ்டில் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி இரண்டு. ஒன்று, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர் அல்ல, இரண்டு பெயர். மேலே எதிர்பார்ப்பவர், கீழே சின்ன எழுத்தில் மாற்று. மாற்று இல்லாத கட்டத்தை வட்டமிடுங்கள். இரண்டு, ஒரு இளம் வீரர் முதன்முதலாக வரும் வருடத்தில் அவரிடம் முழு வீரருக்கான பங்கை எதிர்பார்க்காதீர்கள், பாதி போதும். அந்த முதல் வருடத்தில் பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: இடக்கை, வலக்கை

பெயர்கள் நிரம்பியதும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் இ, வ என்று எழுதுங்கள். ஓரியோல்ஸ் பட்டியலில் எழுதிப் பார்த்தால் உடனே கண்ணில் படும்: ஹெண்டர்சன் இ, ஹாலிடே இ, கௌசர் இ, கியர்ஸ்டாட் இ, பீவர்ஸ் இ, பசாயோ இ. ரட்ச்மன் இரு பக்கமும் அடிப்பார். வலக்கை என்று சொல்ல வெஸ்ட்பர்க், மேயோ மாதிரி சிலர்தான். தனித்தனியாக ஒவ்வொரு தேர்வும் சரி. சேர்த்துப் பார்க்கும்போது 2025-ல் இடக்கைப் பிட்சர்கள் வந்தாலே அணி தடுமாறியது.

மைதானமும் இதில் ஒரு பங்கு. 2022-ல் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தின் இடப்பக்கச் சுவரைப் பின்னால் தள்ளி 13 அடி உயரமாக்கினார்கள். வலக்கைக்காரர்கள் அடித்த ஹோம் ரன்கள் அங்கே பறிபோயின. 2025-க்கு முன் அந்தச் சுவரை மறுபடி கிட்டே கொண்டுவந்தார்கள். 2025 டிசம்பரில் வலக்கைக்காரரான பீட் அலோன்சோவை ஐந்து வருடத்துக்கு 15 கோடியே 50 லட்சம் டாலருக்கு எடுத்ததை இந்தப் பின்னணியில் பாருங்கள். நாற்றங்காலில் இல்லாததைக் கடையில் வாங்கியிருக்கிறார்கள்.

யார் எத்தனையாவது இறங்குவது என்பதற்கு அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். நல்ல மூன்று பேரை ஒன்று, இரண்டு, நான்கில் வையுங்கள். இடக்கைக்காரர்கள் மூவர் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வரும் பையனை முதல் சில வாரங்களுக்கு ஏழு, எட்டில் வையுங்கள். போதும்.

ஏழாம் படி: கோட்டுக்குக் கீழே இருக்கும் ஐந்து

இதைத்தான் ரசிகர்களும் மறக்கிறார்கள், சில அணிகளும் மறக்கின்றன. 2019 முதல் 2025 வரை ஏழு டிராஃப்டிலும் ஓரியோல்ஸ் முதலில் எடுத்தது பிட்சரை அல்ல. அதில் நியாயம் இருக்கிறது: அடிப்பவர்களைவிடப் பிட்சர்களின் உடல் சீக்கிரம் முறிகிறது, முழங்கை ஒன்று போனால் ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும். கைல் பிராடிஷ் 2024 ஜூனில் அறுவை சிகிச்சைக்குப் போய் 2025 ஆகஸ்டில்தான் திரும்பினார். கிரேசன் ராட்ரிகஸ் 2025 முழுதும் ஆடவே இல்லை. ஆகவே அடிப்பவர்களை வளர்த்து, அவர்களில் உபரியைக் கொடுத்துப் பிட்சர்களை வாங்குவது என்ற திட்டம் காகிதத்தில் பிழையில்லை.

பிழை நேரத்தில் இருந்தது. பர்ன்ஸ் 2024-ல் அருமையாக ஆடிவிட்டு, அந்த ஒரு வருடத்தோடு கிளம்பி, 21 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அரிசோனாவுக்குப் போய்விட்டார். அந்த ஓட்டையை நீண்டகாலத்துக்கு அடைக்க ஆளில்லாமல் 2025 தொடங்கியது. மே மாதத்திலேயே மேனேஜர் பிராண்டன் ஹைடின் வேலை போனது. கட்டத்தில் பிட்சர்களின் ஐந்து வரிசையையும் அதே கவனத்தோடு எழுதியிருந்தால் 2025 பத்தியில் இருந்த வெறுமை இரண்டு வருடம் முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

பிட்சருக்காக இளம் வீரரைக் கொடுக்கும்போது அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2024 ஜூலையில் கைல் ஸ்டவர்ஸையும் கானர் நார்பியையும் மயாமிக்குக் கொடுத்து ட்ரெவர் ராஜர்ஸை வாங்கினார்கள். சில வாரத்திலேயே ராஜர்ஸை மைனர் லீகுக்கு அனுப்ப வேண்டிவந்தது. ஊரே திட்டியது. 2025-ல் ஸ்டவர்ஸ் ஆல் ஸ்டார் ஆனார், ராஜர்ஸ் 18 ஆட்டங்களில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.81 என்ற சராசரியில் ஓட்டம் கொடுத்து அணியின் சிறந்த பிட்சராக நின்றார். இரண்டு பக்கமும் லாபம்.

இன்னொரு சங்கிலியும் பாருங்கள். பர்ன்ஸும் அந்தோணி சான்டான்டரும் விலகியதற்கு ஈடாக 2025-ல் இரண்டு டிராஃப்ட் வாய்ப்புகள் கிடைத்தன. அதில் ஒன்றில் கேடன் போடைன் என்ற கேட்சரை எடுத்தார்கள். அதே டிசம்பரில் போடைனையும் வேறு சிலரையும் கொடுத்து டாம்பா பே அணியிடமிருந்து ஷேன் பாஸ் என்ற பிட்சரை வாங்கினார்கள். போன பிட்சர் நாற்றாகி, நாற்று மறுபடி பிட்சராகியிருக்கிறது.

எட்டாம் படி: யாரை முன்கூட்டியே பிடித்து வைப்பது

இதில் பாடம் கற்க வேண்டிய இடம் அட்லாண்டா. 2019-ல் ரொனால்ட் அகுனாவுடன் எட்டு வருடத்துக்கு 10 கோடி டாலர். 2022-ல் ஆஸ்டின் ரைலியுடன் பத்து வருடம், மைக்கேல் ஹாரிஸுடன் எட்டு வருடம். அவர்கள் கட்டத்தின் வலப்பக்கம் சீக்கிரமே நிரம்பிவிட்டது. வீரர் சிறுவயதில் பணப் பாதுகாப்பைப் பெறுகிறார், அணி அவருடைய விடுதலை வருடங்களை இன்றைய விலைக்கு வாங்குகிறது.

ஓரியோல்ஸ் இதில் தாமதம். 2025 ஆகஸ்ட் 17-ல் சாமுவேல் பசாயோ வந்தார், ஒரு வாரம் ஆவதற்குள் எட்டு வருடத்துக்கு 6 கோடியே 70 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 2033 வரை அவர் இருப்பார். ஒப்பந்தம் போட ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கையில் சுழற்சி வேகமும் தலையில் பொறுமையும் உள்ள, 23 வயதுக்குக் கீழே இருப்பவரைப் பாருங்கள். வீரர்கள் உச்சத்தில் இருப்பது ஏறத்தாழ 26 முதல் 29 வரைதான். 27 வயதுக்காரருக்குப் பத்து வருடம் கொடுத்தால் பெரும்பகுதி இறக்கத்துக்குத்தான் கொடுக்கிறீர்கள்.

ஒன்பதாம் படி: வருடத்துக்கு இரண்டு முறை

ஜூலை இறுதி வர்த்தகக் கெடுவுக்கு முன் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை, கட்டத்தை முழுதாகத் திரும்ப எழுதுங்கள். பழைய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். நீங்கள் யாரை அதிகமாக நம்பினீர்கள், யாரைப் பார்க்கத் தவறினீர்கள் என்பதைப் பழைய பக்கம்தான் சொல்லும்.

சரி, இப்போது ஓரியோல்ஸ் கட்டத்தின் முதல் வரிசையையே பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். கேட்சர். ரட்ச்மன் 2027 வரை. பசாயோ 2033 வரை, அவரும் கேட்சர். 2026, 2027 இரண்டு வருடமும் ஒரே கட்டத்தில் இரண்டு பெயர். டி.எச். இடத்துக்கு அம்புக்குறி போடலாம், முதல் பேஸில் அலோன்சோ ஐந்து வருடம் உட்கார்ந்துவிட்டார். ரட்ச்மன் 2025-ல் விலாத் தசைக் காயங்களோடு .220 என்ற பேட்டிங் சராசரியில் முடித்தவர், ஆனால் பிட்சர்களை அவர் கையாளும் விதத்தைப் பார்த்தவர்கள் அவரை லேசில் விடமாட்டார்கள். 2027 ஜூலைக்குள் அவரைக் கொடுத்து ஒரு பிட்சரை வாங்குவீர்களா, கடைசி ஆட்டம் வரை வைத்திருந்து டிராஃப்ட் வாய்ப்போடு திருப்தி அடைவீர்களா, இல்லை இப்போதே உட்காரவைத்துப் பேசி 2030 வரை கோட்டை நீட்டுவீர்களா? மூன்றில் ஒன்றைப் பென்சிலால் எழுதுங்கள். எழுதியபின் அதன் விளைவாக டி.எச். வரிசையிலும் பிட்சர் வரிசையிலும் எந்தெந்தப் பெயர்கள் மாறுகின்றன என்று கீழே இறங்கி வாருங்கள். ஒரு மாலைப் பொழுது முழுதாகப் போகும்.